அண்ணன் பொடி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடுகு எழுதுவது. நான் நின்றபடியே சுகம். நீங்கள் கப்பலில் ஆடியபடியே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது? மூட்டைகளை நீங்களே தூக்காதீர்கள்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, கேப்டன் அறையில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டது நீங்கள். எனவே இதைப் படித்துவிட்டுக் கத்த வேண்டுமென்றால் கடலைப் பார்த்துக் கத்துங்கள். நான் கடை திறந்துவிட்டேன்.

கல்லூரிப் பின்வாசலுக்கு எதிரே, முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த இடம். பர்கர், ரோல், சூப், வறுத்த சோளம். எல்லாம் செடியில் விளைந்தது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. கேட்ட ஐந்து நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவோம். இன்னும் பாதிப் பேர் உள்ளே வந்து "ரெண்டு பக்கமும் காப்பி எடுப்பீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். பதினோரு வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான். போன அக்டோபரில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவனுடைய ரத்தம் இருந்த சோதனைக் குழாயின் மேலே கொழுப்பு பாலாடை மாதிரி மிதந்தது. மாலையில் ரிப்போர்ட் வாங்க வந்தவன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அக்கா, இங்க பக்கத்துல நல்ல பர்கர் எங்க கிடைக்கும்?" என்றான். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆறு மாத லீவு கொடுத்திருக்கிறார் லேப் தலைவர். "ஜூன் முப்பது வரைக்கும் உன் நாற்காலி காலியா இருக்கும். ஜூலை ஒண்ணாம் தேதி வேற ஆள் உக்காந்திருப்பாங்க" என்றார்.

காய் வெட்ட ஒரு அக்கா இருக்கிறார். ஹாஸ்டல் சமையல்கட்டில் இருபது வருஷம் இருந்தவர். சுவரில் பெரிய கரும்பலகை மாட்டியிருக்கிறேன். எந்தப் பண்டத்தில் என்னென்ன சேர்கிறது என்று உப்பு வரை எழுதியிருக்கிறேன். லேப் புத்தி, போகுமா?

வேளைக்குச் சாப்பிடுங்கள். சமைப்பவர் பட்டினி கிடப்பது உங்களோடு முடியட்டும்.

உங்கள் கடுகு


பிப்ரவரி 4

கடுகுக்கு,

அண்ணன் எழுதுவது. முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதைத் தனியாக விடவில்லை. நீ சாப்பிடுகிறாயா? லேபில் இருந்தபோதும் பிஸ்கட்டில் உயிர் வாழ்ந்தவள் நீ.

சொன்னபடி கடலைப் பார்த்துக் கத்தினேன். மூன்றாவது இன்ஜினியர் ஓடி வந்து "யாராவது விழுந்துட்டாங்களா?" என்றார். என் தங்கை விழுந்துவிட்டாள் என்றேன்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது உனக்குப் புதிதில்லை. ஆனால் ஒன்று கேள். இருபத்து நாலு பேருக்குத் தினமும் மூன்று வேளை சமைக்கிறேன். பசி ருசி அறியாது என்று சொன்னவர் யாரோ, பத்தொன்பது வயசுப் பையனுக்குச் சமைத்துப் போட்டதில்லை. அவனுக்குப் பசியும் இருக்கும், ருசியும் வேண்டும், அது உடனேயும் வேண்டும். உடம்புக்கு நல்லது என்று நீ வாயைத் திறந்தாயோ, அவன் தெருவைத் தாண்டிவிடுவான்.

அப்புறம் அந்தக் கரும்பலகை. அப்பா போட்ட சட்டத்தை மறந்துவிட்டாயா? அம்மா ஷிப்டுக்குப் போக ஆரம்பித்து, பதினாலு வயசில் நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது அவர் என்ன சொன்னார்? "சமைச்சவனை ஒரு கேள்வி கேக்கக் கூடாது. தட்டுல விழுந்ததைச் சாப்பிட்டுட்டு எழுந்திருக்கணும்." அந்தச் சட்டம் இருந்ததால்தான் நான் சமையல்காரன் ஆனேன். நீ என்னடாவென்றால் குலத்தையே காட்டிக்கொடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் சுவரில் எழுதுகிறாய்.

கோபமில்லை. பயம்தான். தூங்கு.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் முதுகுக்கு அந்தப் பட்டையைக் கட்டுகிறீர்களா?

நீங்கள் சொன்னது நடக்கிறது. எல்லோரும் ஒரு முறை வருகிறார்கள். யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. நேற்று ஒருவன் பர்கரைப் பாதி சாப்பிட்டுவிட்டு, மரியாதையாக, "அக்கா, மருந்து மாதிரி நல்லா இருக்கு" என்றான். அந்த "நல்லா"வில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கடை பொரித்த கோழி. அங்கே வரிசை நம் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்று சொல்வதுதான் இப்போது என் முக்கிய வேலை.

தினமும் வருவது ஒரே ஒரு பெண். தாவரவியல் படிக்கிறாள், அதனால் அவளுக்குத் தாவரவியல் என்றே பெயர். ஆறு வயசில் வீட்டில் வளர்த்த கோழி ஒருநாள் தட்டில் வந்ததாம். அன்றிலிருந்து கறி, மீன் எதையும் தொடுவதில்லை. விடுதியில் வெறும் ரொட்டியும் ஊறுகாயும்தானாம். தினமும் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் உட்காருவாள். "பயப்படாம சாப்பிடற ஒரே இடம்க்கா இது" என்றாள். அவள் ஒருத்திக்காகக் கடை நடத்த முடியுமா?

படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அண்ணா, என் வாழ்க்கையில் உங்களிடம் நான் எதையும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ருசி எங்கிருந்து வருகிறது? லேப் மருந்துகளில் என் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. எனக்குப் புரியவில்லை.

கடுகு


மார்ச் 10

கடுகுக்கு,

முதுகுப் பட்டையைக் கட்டினேன், மூச்சு விட முடியவில்லை, கழற்றிவிட்டேன். சொல்லிக்கொடு என்று முதல் முறையாகக் கேட்டிருக்கிறாய். அதனால் கிண்டல் இல்லை.

கட்லெட்டைக் கல்லில் போட்டதும் திருப்பாதே. அடி கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் திருப்பு. உப்பைக் கடைசியில் போடு. தக்காளியை இன்னும் சுண்ட விடு.

லீவில் ஊருக்கு வரும் இன்ஜினியர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். நான் வறுத்து அரைத்த பொடி. பூண்டு, மிளகாய், எள் வாசனை தூக்கும். கேப்டன் இது இல்லாமல் சாப்பாட்டு மேஜைக்கு வர மாட்டார். இது உனக்கு. வெறும் ரொட்டியில் தூவினால்கூட இறங்கும், எதில் போட்டாலும் எடுபடும். என்ன இருக்கிறது என்று கேட்காதே. அப்பா சட்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள, அருமையான, தங்கமான அண்ணாவுக்கு,

நான் ரொம்ப ரொம்ப நலம்! முதுகு வலிக்கிறதா? வலிக்கட்டும், அந்த முதுகைத் தட்டிக்கொடுக்க ஒரு நூறு பேர் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் பொடியை ஒரு சிட்டிகை தக்காளி, வேர்க்கடலை சாஸில் போட்டேன். மறுநாள் இரண்டு சிட்டிகை. மூன்றாம் நாள் "மருந்து" சொன்ன பையன் மூன்று நண்பர்களோடு வந்தான். இப்போது வரிசை கோழிக்கடை வாசலை மறைக்கிறது. கோழிக்கடைக்காரர் வெளியே வந்து "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்கிறார். அதைக் கேட்கும்போது எவ்வளவு இனிமையாக இருக்கிறது தெரியுமா?

பிள்ளைகள் அதற்கு "அண்ணன் சாஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பலகையில் எழுதியிருக்கிறேன்: தக்காளி, வேர்க்கடலை, பூண்டு, எள், அண்ணன் பொடி. தாவரவியல் தன் வகுப்பையே கூட்டி வந்தாள். "அண்ணன் பொடின்னா என்னக்கா?" என்று கேட்டாள். "எங்கண்ணன் கப்பல்ல அரைக்கிறது, நம்பிச் சாப்பிடு" என்றேன். இரண்டு முறை சாஸ் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வேடிக்கை. கடை திறந்து இரண்டு மாதம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு சாம்பல் பூனை, இப்போது சாஸ் கொதிக்க ஆரம்பித்ததும் கோழிக்கடையை விட்டுவிட்டு நம் வாசலில் வந்து உட்காருகிறது. காலிக் கிண்ணங்களை நக்கிவிட்டுத்தான் போகிறது. சைவப் பூனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பொடி தீரப் போகிறது. இரண்டு கிலோவாவது அனுப்புங்கள். தூக்கம் இப்போதும் இல்லை, ஆனால் இது வேறு மாதிரி தூக்கமின்மை.

உங்கள் கடுகு


ஏப்ரல் 25

கடுகுக்கு,

முதுகு பரவாயில்லை. கடல் சரியில்லை. நீ நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

பொடி கைவசம் இல்லை. செய்யவும் தோதுப்படவில்லை. உன்னிடம் இருப்பதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடு. அது உனக்கென்று அனுப்பியது. கடைக்குக் காளானைக் காயவைத்து வறுத்துப் பொடித்துப் பார், ஏறக்குறைய வரும்.

பூனையை விரட்டிவிடு. கடைக்கு ஆகாது.

அண்ணன்


மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் முதுகு பரவாயில்லை என்பதை நம்புகிறேன்.

லீவை நீட்டிக்க முடியுமா என்று கேட்க, போன வாரம் லேபுக்குப் போனேன். முடியாதாம். என் பழைய மைக்ரோஸ்கோப்பில் தூசி படிந்திருந்தது. துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு பெரிய செய்தி. கல்லூரி உணவுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து சாப்பிட்டார்கள். வரும் கல்வியாண்டு முதல் உள்ளே இருக்கும் கேன்டீனையே என்னிடம் கொடுக்க யோசிக்கிறார்களாம். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். சமையலில் சேரும் ஒவ்வொரு பொருளையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் பதினைந்து கடைசி நாள்.

பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. அப்பா சட்டம்.

சிட்டிகையைக் குறைத்துப் போடுவதால் பொடி இன்னும் வருகிறது. காளானை முயற்சி செய்ய நேரமில்லை. பூனையை விரட்டினேன், போகவில்லை.

கடுகு


மே 29

அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. நலம்தானே?

பொடி டப்பாவில் அடியில் ஒரு விரற்கடை இருக்கிறது. படிவம் மேஜையில் இருக்கிறது. தாவரவியலுக்கு நாளை பரீட்சை முடிகிறது, அதைக் கொண்டாட வகுப்போடு வருகிறாள்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எழுதுங்கள் அண்ணா. எதையாவது எழுதுங்கள்.

கடுகு


ஜூன் 5

கடுகுக்கு,

நான் நலமில்லை. முதுகு இல்லை, வேறு.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டு முறை கேப்டன் அறைக்குப் போய் உன் நம்பரைப் பாதி போட்டுவிட்டுத் திரும்பினேன். இதைக் கிழிக்க மாட்டேன். அந்தப் பொடியில் பாதி காய்ந்த எறாலும் பொடிமீனும். பூண்டும் எள்ளும் வாசனையை மூடத்தான்.

பூனையைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தபோது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். வரிசை, கோழிக்கடைக்காரர், தங்கமான அண்ணன் என்று நீ எழுதியிருந்தாய். நீ என்னைத் தங்கமென்று சொல்லி முப்பது வருஷம் இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

உனக்காகத்தான் அனுப்பினேன், கடைக்கு இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதிதான் உண்மை. எதில் போட்டாலும் எடுபடும் என்று எழுதியபோது உன் சாஸ் என் மனசில் இருந்தது. செடியை மட்டும் வைத்து எப்படி ஜெயிக்கிறாள் பார்க்கலாம், கடைசியில் என் கைப்பக்குவம்தான் காப்பாற்றப் போகிறது என்று ஒரு கர்வம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நீ எழுதிய அந்தப் பெண்ணையும் யோசிக்கவில்லை, எறால் ஒத்துக்கொள்ளாதவர்களையும் யோசிக்கவில்லை. இங்கே ஒரு மெக்கானிக்குக் கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கி, நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தும்.

உடனே நிறுத்து. கையெழுத்துப் போட்டுவிடாதே. என்னைத் திட்டு, போனிலேயே திட்டு, எல்லோரும் கேட்கட்டும்.

அண்ணன்


ஜூன் 16

அண்ணாவுக்கு,

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பு எப்படி என்று கேட்கிறேன், உண்மையாகவே கேட்கிறேன்.

எனக்கு மே இரண்டாம் தேதியே தெரியும்.

ஊரில் எதையும் கிண்டல் செய்யாமல் விடாத நீங்கள், சைவப் பூனையைக் கிண்டல் செய்யவில்லை. "விரட்டிவிடு" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. லேபுக்குப் போகும்போது ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ரோமம் வைத்த ஒரு கால் தெரிந்தது. எள்ளுக்குக் கால் கிடையாது, அண்ணா. அதற்குப் பதினோரு வருஷப் படிப்பு தேவையில்லை.

அப்புறம் கண்ணாடித் துண்டைக் கழுவினேன், மைக்ரோஸ்கோப்பைத் துடைத்தேன், கடைக்கு வந்து சாஸ் கொதிக்க வைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த பன்னிரண்டாம் தேதி வரை, நாற்பது நாள் விற்றேன். நீங்களாகவே சொல்வீர்கள், சொன்னால் தப்பு உங்களுடையது ஆகிவிடும், நான் ஏமாந்தவள் ஆகிவிடுவேன் என்று காத்திருந்தேன். சொல்லாமலே பொடி தீர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். ஒருவருக்கும் முகம் வீங்கவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

காய் வெட்டும் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தாமல், "முதல் நாளே வாசனை தெரிஞ்சுது. நீங்க தெரிஞ்சுதான் போடறீங்கன்னு நெனச்சேன். நான் எப்படிக் கேக்கறது?" என்றார். அப்பா சட்டம் நம் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் அண்ணன் பொடியை அழித்துவிட்டு, காய்ந்த எறால், பொடிமீன், மார்ச் முதல் ஜூன் பன்னிரண்டு வரை, மே இரண்டிலிருந்து எனக்குத் தெரியும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். படிவத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். கேன்டீன் இல்லை என்று அன்றே பதில் வந்தது. சில பையன்கள், "மீன்தானே அக்கா, போட்டுக் குடுங்க, சும்மா ருசிய மாத்தாதீங்க" என்கிறார்கள். சிலர் வாசலில் படித்துவிட்டுத் துப்பிவிட்டுப் போகிறார்கள். கோழிக்கடைக்காரர் மட்டும் ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு, "உக்காருங்க" என்றார்.

தாவரவியலை விடுதி வாசலில் போய்ப் பார்த்துச் சொன்னேன். பலகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பட்டது. அவள் கத்தவில்லை. "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது நாள் என்றேன். "நான் தினமும் வந்தேனே அக்கா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை போதும், நான் சாகிற வரைக்கும்.

கடுகு


ஜூலை 2

கடுகுக்கு,

உடம்பு தேறிவிட்டது. உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. இல்லை, கேள். ஏழு முறை. இனிமேல் நம் வீட்டில் எதையும் கேட்கலாம், அப்பா மேலே இருந்து கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம். காய்ந்த காளான், வறுத்த வேர்க்கடலை, எள், பூண்டு, மிளகாய், உப்பு. வேறு எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பண்டத்தில் இருப்பதை எழுதுகிறேன், கை கூசுகிறது. கேப்டன் ருசி பார்த்துவிட்டு "முன்ன இருந்தது மாதிரி இல்லையே" என்றார். இல்லைதான் என்றேன்.

ஜூலை பிறந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாயா? எதுவானாலும் சாப்பிடு.

அண்ணன்


ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பாதி நலம். நீங்கள் முழு நலமாக இருங்கள், ஒருவராவது இருக்க வேண்டும்.

லேப் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள். நான் போகவில்லை. இப்படி விட்டுவிட்டு ஓடினால், அந்தப் பலகை சுவரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் முதுகில்தான் தொங்கும் என்று தோன்றியது.

கடையில் கூட்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் இன்னும் ஜெராக்ஸ் கேட்பவர்கள். உங்கள் புதுப் பொடி நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ருசி வராது, அதுவும் தெரிகிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் மைக்ரோஸ்கோப் கடன் வாங்கிப் பார்த்தேன் என்றால் கோபிப்பீர்களா? பார்த்தேன். கால் இல்லை.

இன்று மதியம் தாவரவியல் வந்தாள். ஆறு வாரம் கழித்து. வழக்கம்போலப் பலகையைப் படிப்பாள் என்று பார்த்தேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாசல்படியில் நின்றுகொண்டு மேஜைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குப்பைத் தொட்டி ஓரமெல்லாம் குனிந்து பார்த்தாள். அடுப்பில் சாஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"பூனை எங்கக்கா?" என்றாள்.

"இப்பல்லாம் வர்றதில்லம்மா. கோழிக்கடைக்கே போயிடுச்சு."

கோழிக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அது அங்கேதான் வெயிலில் படுத்திருந்தது, நம் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு பர்கர் குடுங்க," என்றாள். "சாஸ் வேண்டாம்."

சாஸ் இல்லாமல்தான் கொடுத்தேன், அண்ணா. முழுசாகச் சாப்பிட்டாள்.

உங்கள்
கடுகு